முந்நூறிலிருந்து நானூறு: ஒரு வலிப்பு மாத்திரையின் நிகழ்வு ஆய்வு

அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த அலுவலக நண்பர் முதலில் சொன்னது, "சார், இவர் குடிக்கிற ஆள் இல்லை" என்பதுதான். யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. நாக்குக் குழறியது. எழுந்து நிற்கச் சொன்னால் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு தள்ளாடினார். எதிரில் இருப்பவரைப் பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொண்டார், இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று. நெற்றியில் இரண்டு நாளுக்கு முன் குளியலறையில் விழுந்த காயம்.

நான் மருத்துவமனை மருந்தாளுநர். நோயறிவது என் வேலை அல்ல. அவர் உடம்புக்குள் என்னென்ன மருந்து போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே வருகிறவர் உண்மையில் ஒரே ஆள் அல்ல. இதே வழியில் வந்து சேர்ந்த பலரிடம் பார்த்ததை ஒருவராக்கி எழுதுகிறேன். மருந்தியல் விவரங்கள் எதையும் மாற்றவில்லை.

நோயாளி

வயது 46, எடை 66 கிலோ. முதல் வலிப்பு 31 வயதில். அன்றிலிருந்து ஃபெனிட்டாயின். கடந்த 6 ஆண்டுகளாக இரவில் 300 மி.கி., அதாவது 100 மி.கி. மாத்திரை மூன்று. அந்த 6 ஆண்டுகளில் ஒரு வலிப்பும் இல்லை. ஈரல், சிறுநீரகம் இரண்டும் நலம். பழைய கோப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது: ஃபெனிட்டாயின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம். வழக்கமாக எதிர்பார்க்கிற வரம்பு 10 முதல் 20 வரை. ஆக, 300 அவருக்குப் பொருத்தமான அளவுதான். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வந்த அன்று தலை ஸ்கேனில் குறையில்லை. சர்க்கரை, சோடியம் சரியாக இருந்தன. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது கருவிழிகள் இரண்டும் வெட்டி வெட்டி ஆடின. ஃபெனிட்டாயின் மிகுந்து போனால் பெரும்பாலும் முதலில் தெரிவது இந்தக் கண் ஆட்டம்தான், 20-ஐத் தாண்டும்போதே தொடங்கலாம். 30-ஐ ஒட்டி நடை தள்ளாடும். 40-ஐ நெருங்கினால் மயக்கமும் குழப்பமும் வரும். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் வரிசை பெரும்பாலும் இதுதான். ரத்த அளவு வந்தது: 36.

ஏன் ஏறியது?

மேசையில் கொட்டிய பை

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், பழையது புதியது பார்க்காமல், ஒரு பையில் போட்டு எடுத்து வரும்படி அவர் மனைவியிடம் கேட்டேன். "எல்லாம்னா எல்லாமா?" என்றார். எல்லாம்தான். காலி அட்டை, பில், பாதி குடித்த சிரப், பக்கத்து வீட்டார் கொடுத்தது உட்பட. எவ்வளவு கேள்வி கேட்டாலும் கிடைக்காத பதில் இந்தப் பையில் கிடைக்கும்.

மேசையில் கொட்டியதும் தெரிந்தவை: ஃபெனிட்டாயின் அட்டைகள், இரண்டு வேறு கம்பெனி. அமில நீக்கி சிரப். டிராமடால் கலந்த வலி மாத்திரை, விழுந்த வலிக்கு யாரோ தந்தது. தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து. அப்புறம் படர்தாமரைக்குக் கொடுத்த ஃபுளுகோனசோல், தினம் 150 மி.கி.

நான் முதலில் பிடித்துக்கொண்டது தவறான முனையை. இரண்டு கம்பெனி அட்டையைப் பார்த்ததும் 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே ஃபெனிட்டாயின் காப்ஸ்யூலில் மருந்தோடு சேர்க்கிற நிரப்புப் பொடியை மாற்றினார்கள். கால்சியம் சல்ஃபேட் போய் லாக்டோஸ் வந்தது. மருந்தின் அளவு அதே 100 மி.கி. ஆனால் லாக்டோஸ் கலந்த காப்ஸ்யூலிலிருந்து மருந்து அதிகமாக உடலில் சேர்ந்தது. வழக்கமான மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட்டவர்கள் கூட்டமாகத் தள்ளாடத் தொடங்கினார்கள். மருந்தியல் படித்தவர்கள் மறக்காத கதை. அதனால்தான் கம்பெனி மாறினால் எனக்கு உடனே காது விடைக்கும்.

ஆனால் பில்லில் தேதி இருக்கிறதே. புதிய கம்பெனி அட்டை வாங்கி 3 நாள்தான் ஆகியிருந்தது. தள்ளாட்டம் தொடங்கி ஒரு வாரம். விளைவுக்குப் பிறகு வந்தது காரணமாக இருக்க முடியாது. ஒரு பில் என்னைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் "பிராண்ட் மாற்றம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன், உண்மையான காரணம் அடுத்த மாதமும் வீட்டிலேயே இருந்திருக்கும்.

24 நாட்கள்

பில்களையும் டிஸ்சார்ஜ் தாளையும் வரிசைப்படுத்தி, மீதி மாத்திரைகளை எண்ணி, மனைவியின் நினைவையும் சேர்த்துக் கட்டிய கதை இது.

24 நாளுக்கு முன் அவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். இரண்டு இரவு மாத்திரை போடவில்லை. "வெறும் வயிற்றில் போடக்கூடாதே என்று விட்டுவிட்டேன்." மூன்றாம் நாள் காலையில் வலிப்பு, இரண்டு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போனார்கள். ரத்த அளவு 4. மனைவியிடம் "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒரு நாளும் தவறமாட்டார்" என்றார் அவர். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை. பதில் சொல்ல வேண்டியவர் வலிப்புக்குப் பிந்தைய அரைமயக்கத்தில் கிடந்தார்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு 4 என்றால் டோஸ் போதவில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். 300 மி.கி. 400 ஆனது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த ரத்த அளவு எப்போது பார்ப்பது என்று ஒரு வரி இல்லை.

நோயாளி தெளிந்த பிறகு அவரிடமே "கடைசி மாத்திரை எந்த இரவு போட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். "ஒழுங்காகப் போடுகிறீர்களா" என்ற கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பாதிக் கேள்வியே அதட்டல்போல இருப்பதால். எந்த இரவு என்று கேட்டால் ஆள் யோசிப்பார்.

அதோடு நின்றிருந்தால்கூட அளவு மெல்ல ஏறித் தொல்லை கொடுத்திருக்கும். ஆனால் டோஸ் கூடிய பத்து நாளில் படர்தாமரைக்கு ஒரு கிளினிக் போனார். அங்கே வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றார். ஏன் என்று பின்னால் நான் கேட்டபோது, "சர்க்கரை, பிரஷர் மாத்திரையைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றார். மனைவி அறையை விட்டுப் போன பிறகு இன்னொன்றும் சொன்னார். அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் ஆபீஸ் ஆள் ஒருவர் இருந்தாராம். 15 ஆண்டாகத் தனக்கு வலிப்பு என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரைகூட அட்டையில் வைப்பதில்லை, பிரித்துப் பெயரில்லாத டப்பாவில் போட்டுவிடுவார்.

ஃபுளுகோனசோல் தொடங்கிய ஆறாம் நாள் நடை தடுமாறியது. ஒன்பதாம் நாள் பார்வை இரட்டையானது. பதினொன்றாம் நாள் குளியலறையில் விழுந்தார். பதின்மூன்றாம் நாள் எங்களிடம் வந்தார். அந்த 13 நாளும் இரண்டு மாத்திரையையும் தவறாமல் போட்டிருக்கிறார்.

மதகு

ஃபெனிட்டாயினின் விசேஷம் தெரியாதவருக்கு 300-ஐ 400 ஆக்குவது மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதுதான், 12 என்பது 16 ஆகும், சரிதானே என்று தோன்றும். பெரும்பாலான மருந்துகளில் கணக்கு அப்படித்தான். ரத்தத்தில் மருந்து கூடினால் ஈரலும் வேகத்தைக் கூட்டி வெளியேற்றும். ஏரியில் நீர் ஏற ஏற மதகும் அகலமாகத் திறந்துகொண்டே போவதுபோல.

ஃபெனிட்டாயினுக்கு மதகின் அகலம் ஓரளவோடு நின்றுவிடும். அதைச் சிதைக்கிற நொதிகள் வழக்கமான டோஸிலேயே ஏறத்தாழ முழு வேலையில் இருக்கின்றன. வரத்து அந்த உச்சத்தை நெருங்கினால் கொஞ்சம் கூடினாலும் மட்டம் தாறுமாறாக ஏறும். உச்சத்தைத் தாண்டிவிட்டால் நிலைக்கிற மட்டம் என்று ஒன்றே கிடையாது, நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். அவர் எடைக்கும் பழைய ரத்த அளவுக்கும் நாங்கள் போட்ட தோராயக் கணக்கில், அவர் உடம்பு ஒரு நாளில் அகற்றக்கூடிய உச்சமே 400-ஐ ஒட்டித்தான் இருந்தது. இந்த மருந்தில், 10-ஐத் தாண்டியவருக்கு 30 அல்லது 50 மி.கி. என்று சின்னச் சின்னதாகக் கூட்டுவார்கள், ஒவ்வொரு முறையும் சில வாரம் பொறுத்து ரத்த அளவு பார்ப்பார்கள்.

ஏற்கெனவே ததும்பிக்கொண்டிருந்த ஏரியில் ஃபுளுகோனசோல் மதகையும் பாதி அடைத்துவிட்டது. ஃபெனிட்டாயினைச் சிதைக்கிற முக்கிய நொதியை அது முடக்கும். காசநோய்க்கான ஐசோனியசிட், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவையும் ஃபெனிட்டாயினை ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின் நேர் எதிர், இறக்கிவிடும்.

உப்புக் கணக்கு ஒன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. காப்ஸ்யூலில் இருப்பது பெரும்பாலும் ஃபெனிட்டாயின் சோடியம். அதில் 100 மி.கி. என்றால் ஃபெனிட்டாயின் 92 மி.கி.தான். சிரப்பில் இருப்பது உப்பில்லாத ஃபெனிட்டாயின். மற்ற மருந்தில் இந்த 8 சதவீதத்தை யாரும் சட்டை செய்யமாட்டார்கள். மதகு நிரம்பிய ஆளிடம் அதுவே போதும். சிரப் என்றால் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். மருந்து அடியில் படிந்துவிடும், குலுக்காவிட்டால் முதல் வாரம் குறைவாகவும் பாட்டில் தீரும்போது மிகையாகவும் போகும்.

"இந்த விஷம் இனி வேண்டாமே"

ஃபுளுகோனசோலையும் டிராமடாலையும் உடனே நிறுத்தினோம். டிராமடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும். வலிப்பு உள்ளவர் கையில் அது இருக்கவே கூடாது என்பது என் கருத்து, வேறு வலி மாத்திரைகளுக்கா பஞ்சம். படர்தாமரைக்கு மேற்பூச்சு கொடுத்தார்கள். ஃபெனிட்டாயினை நிறுத்தி வைத்துத் தினமும் ரத்த அளவு பார்த்தோம்.

அன்று மாலை மனைவி கேட்டார்: "புருஷனை இப்படி ஆக்கின மாத்திரை. இந்த விஷம் இனி வேண்டாமே?" நியாயமான கேள்வி. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பயம் தந்த கேள்வியும் அதுதான். நஞ்சேறி வந்தவர்களில் சிலர் வீட்டுக்குப் போனதும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பல ஆண்டாகப் போட்ட வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வரலாம். இடையில் தெளியாமல் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு இரவு விட்டதற்கு என்ன ஆனது என்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அதையே எடுத்துச் சொன்னேன்.

எண்கள் இப்படி வந்தன: 36, 33, 29, 23, 16. இறங்குவதிலும் மதகுக் கதைதான். முதலில் 3, பிறகு 4, 6, 7. உச்சத்தில் இருக்கும்போது மெல்லத்தான் இறங்கும். மட்டம் தாழ, ஃபுளுகோனசோலின் அடைப்பும் விலக, சடசடவென்று சரியும். இந்த இடத்தில் அசட்டையாக இருந்தால் ஒரே நாளில் பாதுகாப்பான மட்டத்துக்குக் கீழே போய்விடும். முதல் இரண்டு நாளைப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்று விட்டிருந்தால் மறுபடி வலிப்பு வந்திருக்கும். 16 வந்த அன்றிரவே பழைய 300-ஐத் தொடங்கினோம், அவர் முன்பு சாப்பிட்ட அதே கம்பெனி. கண் ஆட்டம் போய், நேராக நடந்து வீட்டுக்குப் போனார்.

வேறு மருந்துக்கு மாறலாமா என்று நரம்பியல் மருத்துவர் பேசினார். எனக்கு ஆசைதான். ஆண்டுக்கணக்கில் ஃபெனிட்டாயின் சாப்பிட்டால் ஈறு தடிக்கும், எலும்பு வலுவிழக்கும். ஆனால் மாறுவதும் இலவசமில்லை. பழையதைக் குறைத்து, புதியதை ஏற்றி, இரண்டும் கலந்து ஓடுகிற வாரங்களில்தான் வலிப்புக்கும் பக்கவிளைவுக்கும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு மருந்துக்கும் தனித் தொல்லை உண்டு. லெவெடிராசெட்டம் மற்ற மருந்துகளோடு அதிகம் மல்லுக்கு நிற்காது, ஆனால் சிலரை எரிச்சல்காரர் ஆக்கும், மனச்சோர்வு தரும். வீட்டார்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார்கள். லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோலை உரித்துப்போடும் கடுமையான ஒவ்வாமை வரலாம். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் அதைவிடவும் மெதுவாக. நடுவில் ஐந்தாறு நாள் விட்டுவிட்டால் பழைய முழு டோஸில் தொடரக்கூடாது, அடியிலிருந்து ஏற்றச் சொல்வார்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை தொடங்கினால் லாமோட்ரிஜின் அளவு பாதியளவுக்கு இறங்கிவிடும். ஃபெனிட்டாயினும் கார்பமசெபைனும் திருப்பிச் செய்யும், கருத்தடை மாத்திரையையே வலுவிழக்க வைக்கும். கார்பமசெபைன் என்றால் ஆசிய வம்சாவளியினர் பலருக்குத் தொடங்கும் முன் ஒரு மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இலேயே அதற்கு எச்சரிக்கை கொடுத்தது. வால்ப்ரோயேட்டைக் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள். கருவில் அதற்கு ஆட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதத்தினருக்கு வளர்ச்சிச் சிக்கலும் வருகின்றன. ஆனால் கர்ப்பம் தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்துவது தாய், சேய் இரண்டு பேருக்கும் ஆபத்து. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்போதைக்கு இதிலேயே இருக்கிறேன், ஆறு மாதம் கழித்துப் பேசலாம்" என்றார் நோயாளி. 6 ஆண்டு வலிப்பில்லாமல் இருந்த மருந்தை விடத் தயங்குகிறவரை நான் குறை சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது

பதினைந்து அறிவுரை சொன்னால் ஒன்றும் நிற்காது. அவர் எங்கே சறுக்கினாரோ அந்த இடங்களை மட்டும் பேசினோம்.

வாந்தி. உணவு இறங்காவிட்டாலும் மாத்திரை இறங்க வேண்டும், வெறும் வயிறு ஒரு காரணமே அல்ல. போட்ட சற்று நேரத்திலேயே வாந்தி வந்தாலோ, ஒரு வேளை தங்கவில்லை என்றாலோ, அன்றே போன் செய்ய வேண்டும். ஊசியாகக் கொடுக்க வழியிருக்கிறது. இரவு மறந்ததைக் காலையில் நினைவு வந்தால் அப்போதே போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. அமில நீக்கியைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னோம், அது ஃபெனிட்டாயின் சேர்வதைக் குறைக்கும். சளி மருந்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

டப்பா. பெயரில்லாத டப்பாவுக்கு முடிவு கட்டினோம். மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், வெளியே யார் கண்ணிலும் படாத ஒரு பை போதும். வேறு கம்பெனி அட்டை கிடைத்தால் "அதே மருந்துதான்" என்று கடையில் சொன்னாலும், வாங்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை.

மனைவிக்கு முதலுதவி. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ தெளியாமல் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ். தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, நாக்குழறல் தெரிந்தால் அடுத்த வேளைக்கு முன்பே எங்களுக்கு போன். "தானாக நிறுத்தாதீர்கள், தானாகத் தொடரவும் வேண்டாம்" என்றேன். சிரித்துவிட்டார், "அப்போ என்னதான் பண்றது?" என்று. கேட்டுவிட்டுச் செய்வது.

பிறகு ஒரு சிறிய அட்டை: மருந்தின் பெயர், அளவு, கம்பெனி, எங்கள் தொலைபேசி எண். அதைப் பணப்பையில் வைக்க அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் எடுக்கும்போது யாராவது பார்த்துவிட்டால்? இந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. வெறும் "ஃபெனிட்டாயின் 300 மி.கி., இரவு" என்று மட்டும் எழுதி, வலிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு அட்டை தந்தேன். மருந்து எழுதுகிறவருக்கு அந்தப் பெயரே போதும்.

தொடர்ச்சி

ஒரு வாரத்தில் அளவு 14. ஐந்தாம் வாரம் 12, கண் ஆட்டம் இல்லை, வலிப்பு இல்லை. காலையில் ரத்தம் எடுத்தோம், முந்தைய இரவு எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார் என்று நேரத்தையும் எழுதி வாங்கி.

அன்று அவர் தானாக ஒன்று சொன்னார். நடுவில் ஒரு நாள் பல் வலி என்று பல் மருத்துவரிடம் போயிருக்கிறார். நாற்காலியில் சாய்ந்ததும், அவர் கேட்கும் முன்பே, அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். பல் மருத்துவர் அதைப் படித்துவிட்டு ஈறைத் தூக்கிப் பார்த்து, "ஓ, இதனால்தானா" என்றாராம்.

அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை. கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.